கண்மாயைப் பார்க்க வேன் எதற்கு?

அன்புள்ள ஐயா,

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். போன ஆண்டு பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். இந்த ஆண்டு திருப்பத்தூர் பக்கம், கண்மாய் என்னும் பாசன ஏரியில் அமைந்த வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாம் என்றேன். "கண்மாயைப் பார்க்க வேன் எதற்கு? நம் ஊரில் இல்லாத கண்மாயா?" என்கிறார்கள் பெற்றோர். கல்விப் பயனைக் காட்டுவதற்காக இருபது கேள்விகளுடன் பயிற்சித்தாள் ஒன்று தயாரித்திருக்கிறேன், இணைத்துள்ளேன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பெற்றோர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பயிற்சித்தாள் பதிலாகாது. முதலில் பிள்ளைகளை உங்கள் ஊர்க் கண்மாய்க்கே நடத்தி அழைத்துப் போங்கள். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை எது, மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு எது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கரைமேல் நின்று பார்க்கட்டும். வயல்களுக்குத் தண்ணீரை முறைவைத்து விடும் நீர்ப்பாய்ச்சி யாராவது இருந்தால் அவரைப் பேசவிடுங்கள். எந்த வயலுக்கு முதல் தண்ணீர் என்று பெரியவர்கள் போட்ட சண்டைகளை அவர் சொன்னால் ஒரு பிள்ளையும் கொட்டாவி விடாது. அதன் பிறகு வேட்டங்குடிக்குப் போனால், "இதுவும் கண்மாய்தானே, இங்கே மட்டும் ஏன் இத்தனை பறவைகள்?" என்று அவர்களே கேட்பார்கள். வேன் வாடகை அந்தக் கேள்விக்குத்தான்.

விடையை அந்த ஊர்க்காரர்களே சொல்லட்டும். அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1977இல். ஆனால் அறிவிப்புப் பலகையா பறவைகளைக் காக்கிறது? வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறையும்போது பறவைகள் கூடு கட்ட வருகின்றன. தீபாவளியும் அப்போதுதான். கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல்லாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. வெடியில்லாத தீபாவளி என்றால் எட்டு வயதுப் பிள்ளை நம்பவே நம்பாது. கொள்ளுகுடிப்பட்டியில் ஒரு பாட்டியிடம் அழைத்துப் போய், "நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் வெடிக்க மாட்டீர்களா?" என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் பயிற்சித்தாளைப் படித்தேன். முக்கால்வாசிக் கேள்விகள் பறவைகளின் பெயரைத்தான் கேட்கின்றன. கோபித்துக்கொள்ளாதீர்கள், அதைப் பள்ளியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். தாளைக் கையில் கொடுத்தால் பிள்ளை பறவையைப் பார்க்காது, பக்கத்துப் பிள்ளை என்ன எழுதுகிறது என்று பார்க்கும். ஒரே ஒரு பறவையைச் சொல்லிக் கொடுங்கள், போதும். நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்ளலாம். அதன் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் வரும். இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு, கூட்டில் எது தாய், எது பிள்ளை என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அளவை வைத்து ஒருவன் சொல்வான், அலகை வைத்து ஒருத்தி மறுப்பாள். அந்த வாதத்தில் தயவுசெய்து தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள்.

கேளிக்கைப் பூங்காவை நான் குறை சொல்லவில்லை. சறுக்கில் விழுந்து சிரிப்பதும் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான். அதற்குக் கல்விச் சுற்றுலா என்று பெயர் வைத்துப் பணம் வசூலிப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எந்தக் கண்மாயானாலும் கரையை விட்டு ஒரு பிள்ளையும் இறங்கக் கூடாது. மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் இருந்தால் மேலே நிற்பவருக்குத் தெரியாது. இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நடக்கட்டும். வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலையை எண்ணுங்கள். கேள்வி கேட்ட பெற்றோரில் நாலைந்து பேரையும் கூட்டிப் போங்கள். காவலுக்கும் ஆகும், அடுத்த ஆண்டு வேன் எதற்கு என்று கேட்கவும் மாட்டார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேருங்கள். பெரும்பாலும் அப்போது கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். பைனாகுலர் இரண்டு இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் குறையில்லை. அதில் ஒரு பறவையைப் பிடிப்பதற்குள் சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விடும்.