தெருவின் மறுகோடியிலிருந்து கேட்டுப் பாருங்கள்

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகிறது. பேச்சு தெளிவாக இருக்கிறது. ஆனால் தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா" என்கிறார். இடது பாதி அப்படியே கிடக்கிறது. நேற்று, பிள்ளையார் கோயில் முனையில் நிற்பதாக நினைத்து எங்கள் தெரு வீடுகளைச் சொல்லச் சொன்னேன். வலது சாரியை மட்டும்தான் சொன்னார். முப்பது வருடம் குடியிருந்த தெரு! மறதி நோயா?

பதில்: அன்புள்ள சகோதரி, இன்று அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். இந்த முறை தெருவின் மறுகோடியில் கோயிலைப் பார்த்து நிற்பதாக நினைக்கச் சொல்லுங்கள். நேற்று விட்டுப்போன வீடுகள் அவர் வாயிலிருந்தே வரக்கூடும். நேற்று சொன்னவை விட்டுப்போகலாம்.

1978ல் பிஸியாக், லுஸ்ஸாட்டி என்ற இத்தாலிய ஆய்வாளர்கள் இப்படித்தான் கேட்டார்கள். மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்ட இருவர், இருவருமே மிலான்காரர்கள். ஊர்ப் பெரிய தேவாலயத்தைப் பார்த்தபடி சதுக்கத்தில் நிற்பதாக நினைத்தபோது, வலப்பக்கக் கட்டடங்கள்தான், அதாவது அரண்மனை இருக்கும் வரிசைதான், பெரும்பாலும் வந்தன. தேவாலய வாசலில் நின்று சதுக்கத்தைப் பார்க்கச் சொன்னதும் எதிர் வரிசை வந்தது. சதுக்கம் முழுக்க மனசுக்குள் பத்திரமாக இருந்தது. எங்கே நின்று பார்த்தாலும் இடது பக்கம்தான் எழும்பவில்லை.

உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் என்றால், அது மறதி இல்லை, பிடிவாதமும் இல்லை. மருத்துவர்கள் 'இடப்பக்கப் புறக்கணிப்பு' என்பார்கள். எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது, வேண்டுமென்றே செய்வதுபோல ஒலிக்கிறது. விட்டுப்போனதே அவருக்குத் தெரியாது, அதனால் தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள்.

சாப்பிடும்போது பாதியில் தட்டைத் திருப்பி வையுங்கள். செய்தித்தாளின் இடது ஓரத்தில் சிவப்பாகப் பட்டையாய் ஒரு கோடு போட்டு, "அந்தச் சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்புங்கப்பா" என்று சொல்லிப் பழக்குங்கள். வலப்பக்கம் உட்கார்ந்து பேச ஆரம்பித்து, மெல்ல இடப்பக்கம் நகருங்கள். இடது தோள் நிலைப்படியில் மோதும், இடப்பக்கம் வரும் வண்டியைக் கவனிக்க மாட்டார். தனியாக வெளியே விடவே வேண்டாம். பலருக்கு முதல் சில மாதங்களில் நல்ல முன்னேற்றம் தெரியும், ஆகவே பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.

நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது, இரண்டு முனையிலிருந்தும் அப்பா சொன்ன வீடுகளைத் தனித்தனியாக எழுதி எடுத்துப் போங்கள்.