பஞ்சாபின் சட்லெஜ் ஆற்றை முதலில் கடந்தது சீக்கியப் படைதான். அப்படியானால் 1845-இல் ஆங்கிலேயரோடு போரைத் தொடங்கியதும் அவர்கள்தானே?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. தேர்வில் வந்தால் '1845 டிசம்பர் 11, சீக்கியப் படை சட்லெஜைக் கடந்தது' என்று எழுதிவிட்டு வாருங்கள், மதிப்பெண் முக்கியம். ஆனால் இதே கேள்வியைக் கேட்டு ஒருவரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் இரண்டரை வருடம் பஞ்சாப் எல்லையில் இருக்கும் ஃபெரோஸ்பூரில் பட்டாளத்தில் இருந்தேன். யூனிட்டில் ஒரு சீக்கிய ஹவில்தார். நான் 'பாஜி' (பஞ்சாபியில் அண்ணன்) என்பேன், அவர் என்னை 'மதராசி' என்பார். (வேறு யார் அப்படிச் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.) ஒரு நாள் இரவு லங்கரில் (பட்டாளச் சாப்பாட்டுக்கூடத்தில்) சாப்பிடும்போது, பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகத்தில், "நீங்கள் ஆற்றைத் தாண்டாமல் சும்மா இருந்திருந்தால் வெள்ளைக்காரன் பஞ்சாபுக்குள் வந்திருப்பானா, பாஜி?" என்று கேட்டுவிட்டேன். ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் பேச்சே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து "கிளம்பு" என்றார். மோகா போகும் பஸ்ஸில் ஏற்றி, அந்தப் போரின் பெரிய சண்டை ஒன்று நடந்த ஃபெரோஸ்ஷாவில் இறக்கினார். கோதுமை வயல்களும், ஆங்கிலேயர் நட்டுவைத்த நினைவுத் தூணும்தான் அங்கே. அந்தத் தூண் நிழலில் உட்காரவைத்து எனக்குப் பாடம் நடந்தது.

சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கும் கிழக்கிந்தியக் கம்பெனியும் போட்ட 1809 ஒப்பந்தப்படி சட்லெஜ்தான் எல்லை. ஆனால் 1835-லேயே கம்பெனி ஃபெரோஸ்பூரை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து லாகூர் 80 கிலோமீட்டர்கூட இல்லை. 1839-இல் ரஞ்சித் சிங் இறந்துபோனதும் அவர் தலைநகரான லாகூர் அரண்மனையில் வெட்டுக்குத்து. 1843-இல் பக்கத்துச் சிந்து நாடும் கம்பெனியிடம் பறிபோனது. எல்லையில் சுமார் 17 ஆயிரமாக இருந்த கம்பெனிப் படையை கவர்னர் ஜெனரல் ஹார்டிங் 40 ஆயிரத்துக்கு மேலே கொண்டுபோனார். ஆற்றில் பாலம் போடுவதற்கான படகுகளும் வந்து சேர்ந்தன. "வாசலில் ஆளை நிறுத்தி, சுவரில் ஏணியும் சாத்திவைத்தால் வீட்டுக்காரன் என்ன நினைப்பான்?" என்றார் பாஜி. இத்தனைக்கும் ஆற்றுக்குத் தெற்கேயும் லாகூர் தர்பாருக்கு, அதாவது சீக்கிய அரசுக்கு, சொந்தக் கிராமங்கள் இருந்தன.

எனக்கு மறக்கவே மறக்காதது அதே ஃபெரோஸ்ஷாவில் சண்டை நடந்த 1845 டிசம்பர் 21 இரவுக் கதை. கடுங்குளிரில், பிணங்களுக்கு நடுவே படுத்துக் கிடந்தது ஆங்கிலேயப் படை. தன்னிடம் இருந்த நெப்போலியன் வாளையே பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டார் ஹார்டிங், நிலைமை அப்படி. மறுநாள் சீக்கியத் தளபதி தேஜ் சிங் களைப்பில்லாத புதுப் படையோடு வந்து நின்றார். எதிரே பீரங்கிக் குண்டு கிட்டத்தட்டத் தீர்ந்துபோன கூட்டம். கொஞ்ச நேரம் சுட்டார், திரும்பிப் போய்விட்டார்! இதைச் சொன்னபோது பாஜி விட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது. அப்புறம் 1846 பிப்ரவரி 10, சட்லெஜ் கரையில் சோப்ரான் சண்டை. சீக்கியர்களுக்குப் பின்னால் இருந்த படகுப் பாலம் உடைந்து, வெள்ளம் ஏறிய ஆற்றில் ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். அடுத்த மாதமே கம்பெனி காஷ்மீரை 75 லட்ச ரூபாய்க்கு ஜம்மு ராஜா குலாப் சிங்குக்கு விற்றுவிட்டது.

'கால்சா என்ற அந்தச் சீக்கியப் படை மட்டும் யோக்கியமா, சொந்த வசீர் (முதல் மந்திரி) ஜவாஹர் சிங்கையே கொன்றவர்கள்தானே' என்று கருத்துப் பெட்டிக்கு வருவீர்கள். கொன்றார்கள், போருக்கு மூன்று மாதம் முன்னால். அந்தப் படையைக் கண்டு லாகூர் தர்பாரே நடுங்கியது, எங்காவது போய் அடிபடட்டும் என்று அங்கேயே சிலர் நினைத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பேராசிரியர் இல்லை. எதிரும் புதிருமாக ஆட்கள் நிற்கும் எல்லையில் ராத்திரி டியூட்டி பார்த்தவன், அவ்வளவுதான். யார் கால் முதலில் கோட்டைத் தாண்டியது என்பதைவிட, அந்தக் காலைத் தாண்டவைக்க எத்தனை மாதம் வேலை நடந்தது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

திரும்பி வரும்போது பாஜி சொன்னார்: "வங்காளப் படைதான் எங்களோடு சண்டைக்கு வந்தது. உங்கள் மதராஸ் பட்டாளம் வரவில்லை. அதனால்தான் உன்னோடு இன்னும் பேசுகிறேன்."

இதையெல்லாம் ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. கல்யாண வீட்டில் பார்த்தால் "எத்தனை பேரைச் சுட்டீங்க?", அடுத்த கேள்வி "கேன்டீன்ல ரம் கிடைக்குமா மாமா?" என் கோட்டாவே மாதத்துக்கு இத்தனை பாட்டில் என்று எண்ணித்தான் வருகிறது. அதில் இரண்டு மச்சினருக்கும் வீட்டு ஓனருக்கும் கொடுத்தது போக எனக்கு மிஞ்சுவது காலி அட்டைப்பெட்டி.