ரேடியேட்டரில் கூலன்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை. இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டை மாற்றினால் போதுமா?

கார்புரேட்டர் பொருத்திய பழைய ஜிப்ஸியைச் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே ஓட்டுவதாகவும், பத்து நாளுக்கு ஒருமுறை அரை லிட்டர் கூலன்ட் காணாமல் போவதாகவும், வண்டி நின்ற இடத்தில் மட்டும் ஈரமே இருப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று ஒரு மெக்கானிக்கும், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்தான் என்று இன்னொருவரும் சொல்ல, யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் எனக்கு, அதே 1298 சிசி ஜிப்ஸி கிங்கில் இதே தொல்லை வந்து, ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேர்ந்தது. இரண்டாமவர் சொன்னது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் நான் பட்டதை நீங்களும் படுவீர்கள்.

காற்றும் பெட்ரோலும் போகும் மேனிஃபோல்டில் தண்ணீருக்கு என்ன வேலை என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்துபோகும். மலைமேல் பனி மூடிய காலை வேளையில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சுவரில் ஈரமாகவே படிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் இன்ஜினின் சூடான கூலன்டை மேனிஃபோல்டின் அடிப்பகுதி வழியாக ஓடவிடுகிறார்கள். இந்த இன்ஜினில், கூலன்ட் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டும் மேனிஃபோல்டிலேயே உட்கார்ந்திருப்பதால், ஹெட்டிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் கூலன்ட் இந்த இணைப்பைக் கடந்துதான் போக வேண்டும். எனவே பட்டறைகளில் பேக்கிங் என்று சொல்லப்படும் அந்த ஒற்றைக் கேஸ்கெட், காற்றுத் துளைகளையும் தண்ணீர்த் துளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டையும் காக்கிறது. அது வெளிப்பக்கமாக விட்டுப்போனால் கசியும் கூலன்ட் சூடான பிளாக்கின் மேல் வழிந்து அங்கேயே காய்ந்துவிடும். உட்பக்கமாக விட்டுப்போனால் காற்றுத் துளைக்குள் உறிஞ்சப்பட்டுப் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். இரண்டிலும் தரையில் சொட்டு விழாது.

எந்தப் பக்கம் போகிறது என்பதை மலைப்பாதையே காட்டிக்கொடுக்கும். ஏறும்போது ஆக்சிலரேட்டர் நன்றாகத் திறந்திருப்பதால் மேனிஃபோல்டில் வேக்கம், அதாவது உறிஞ்சும் விசை, குறைவு. ஆனால் சூடேறிய கூலன்டின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். ஆகவே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏற்காடு வந்ததும் பானட்டைத் திறந்து பார்த்தால், வெளிக்கசிவு இருக்கும் வண்டியில் மேனிஃபோல்டின் அடியில் ஈரமோ, வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கறையோ தெரியும். இறங்கும்போது நிலைமை தலைகீழ். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இரண்டாவது கியரில் இன்ஜின் பிடியிலேயே இறங்குகையில் வேக்கம் மிக அதிகமாக இருப்பதால், சிறு விரிசல் இருந்தாலும் கூலன்டை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். என் வண்டியில், அடிவாரம் வந்து சமதளத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்த அந்தக் கணத்தில், பின்னால் வந்த பைக்காரர் மறைந்துபோகும் அளவுக்கு வெள்ளைப் புகை கிளம்பும். கோரிமேடு வருவதற்குள் நின்றுவிடும். அதில் லேசான இனிப்பு வாடை இருக்கும். உங்கள் வண்டியில் இப்படி நடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹெட் கேஸ்கெட் போன வண்டியின் குணம் வேறு. காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே, இன்ஜின் சூடாவதற்கு முன்பே, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகும். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் இடைவிடாமல் குமிழி வரும். ஏற்றத்தில் சூட்டு முள் மேலே போகும். சந்தேகம் தீர ஒரே நல்ல வழி, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி, மூடியில் குறித்துள்ள அழுத்தத்துக்கு, பெரும்பாலும் 0.9 என்ற அளவுக்கு, காற்றேற்றிக் கால் மணி நேரம் விட்டுவைப்பதுதான். பம்பின் அழுத்த முள் இறங்கினால் டார்ச் அடித்து மேனிஃபோல்டு ஓரத்தைப் பார்க்க வேண்டும். வெளியே எதுவும் தெரியாமல் முள் மட்டும் இறங்கினால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள்: கூலன்ட் குடித்த சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் வெளுத்திருக்கும்.

என் வண்டியில் முதல் முறை இந்த வேலையைச் செய்தவர் கேஸ்கெட்டை மாற்றினார், அதன் இரு பக்கமும் சிலிக்கான் பசையைத் தாராளமாகத் தடவினார், அரை நாளில் வண்டியைத் தந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து அடிவாரத்தில் மறுபடியும் அதே புகை. இம்முறை மேனிஃபோல்டை நானே கழற்றி, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெரியவர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பேக்கிங்க மாத்துனீங்க சரி, அது ஒக்கார்ற எடத்தப் பாத்தீங்களா?" என்று கேட்டார். தண்ணீர்த் துளையின் கீழ் விளிம்பு எலி கடித்த தேங்காய்ச் சில்லுபோல் பிசிறு பிசிறாக அரித்துப்போயிருந்தது. விரலால் தேய்த்தால் சுண்ணாம்புபோல் வெள்ளைத் தூள் ஒட்டியது. மூன்று மாதமே ஆன கேஸ்கெட் அந்த இடத்தில் மட்டும் நனைந்த அட்டையாக ஊறி, நகத்தாலேயே உரிந்து வந்தது. பசையோ தெர்மோஸ்டாட்டின் வாயில் புழுப்போல் ஒட்டிக்கொண்டிருந்தது.

குறை வண்டியுடையதும் அன்று, கேஸ்கெட்டுடையதும் அன்று; பல ஆண்டுகளாக நான் ஊற்றிய தண்ணீருடையது. மலையடிவாரத்தில் மக்னசைட்டை வெள்ளைக்கல் என்று வெட்டியெடுக்கும் மண் நம்முடையது. போர்வெல் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தில் படியும் வெள்ளைப் பொருக்கை நம் வீடுகளில் பார்க்காதவர் இல்லை. அத்தகைய தண்ணீரில் உள்ள குளோரைடு, மேனிஃபோல்டின் அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைத் துளைத்துவிடும். கேஸ்கெட்டுக்கும் உலோகத்துக்கும் இடையே தேங்கி நிற்கும் ஈரத்தில் இந்த அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். கூலன்டில் உள்ள துருத்தடுப்பு மருந்துதான் இதற்குக் காவல். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி அந்த மருந்தை நீர்த்துப்போகச் செய்தவன் நானே. இங்கே தண்ணீர் உறைந்துபோகும் குளிர் வராதே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வேலையைப் பொறுத்தவரை, கழற்றுவது பொறுமையைச் சோதிக்குமே தவிரக் கடினம் இல்லை. இன்ஜின் முழுவதும் குளிர்ந்த பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டு, கூலன்டை ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். எவ்வளவு வந்தது என்று அளந்துகொள்வது பிறகு உதவும். எத்திலீன் கிளைகால் கலந்த அது இனிக்கும், ஆனால் நஞ்சு. தோட்டத்து நாயோ மாடோ நக்காதபடி மூடிவையுங்கள். கார்புரேட்டரைச் சுற்றியுள்ள சிறு வேக்கம் ஹோஸ்கள் ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டி எண் எழுதி, போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் ஒரு மாலை முழுவதையும் இழந்தவன் சொல்கிறேன். கீழ் வரிசை நட்டுகள் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். சில நட்டுகள், ஹெட்டில் திருகியிருக்கும் ஸ்டட் என்ற தண்டோடு சேர்ந்தே கழன்று வரும், அதற்காகப் பதற வேண்டாம்.

ஹெட் பக்கத்தைச் சுரண்டுவதற்கு முன் காற்றுத் துளைகளில் துணி அடைத்து, எத்தனை துணி என்று எண்ணி வையுங்கள். அலுமினியத்தின் மேல் உளியோ பழைய ஹேக்ஸா பிளேடோ படக் கூடாது. மரத்துண்டு அல்லது பிளாஸ்டிக் சுரண்டி போதும், நேரம்தான் கூடுதலாகும். பிறகு நேரான எஃகு அளவுகோலைக் குறுக்கே வைத்து அடியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பாருங்கள், 0.1 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் அந்த முகம் கோணியிருக்கிறது என்று பொருள். மேனிஃபோல்டு முகத்தை லேத் பட்டறையில் பேஸிங் செய்து, அதாவது சீவித் தட்டையாக்கி, வாங்கிக்கொள்ளலாம். அரிப்பு ஆழமாக இருந்தால் முதலில் ஆர்கான் வெல்டிங் வைத்து நிரப்பி, அதன்பின் பேஸிங் செய்ய வேண்டும். என்னுடையதற்கு வெல்டிங் தேவைப்பட்டது. ஹெட் பக்கம் இருந்த சிறு குழிகளை, ஹெட்டைக் கழற்றாமலேயே, உலோகத்தூள் கலந்த எபாக்ஸியால் நிரப்பி மறுநாள் தட்டையாகத் தேய்த்தோம்.

புதிய கேஸ்கெட்டைப் பசை இல்லாமல் உலர்ந்த நிலையிலேயே வையுங்கள். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறிச் சிதையும். பிதுங்கியது தண்ணீர்ப் பாதையில் உடைந்து விழும். முகம் தட்டையாக இருந்தால் பசையே தேவைப்படாது; தட்டையாக இல்லாவிட்டால் பசையால் பயனில்லை. நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக முறுக்குங்கள். மேனுவலில் உள்ள அளவே இறுதி. சுமார் 20 நியூட்டன் மீட்டர் என்பது கைக்கு ஏமாற்றமாகத் தோன்றும் அளவுக்குக் குறைவு, எனவே முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து, வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டால், உள்ளே சிக்கிய காற்று (ஏர் லாக்) வெளியேறிவிடும். மலையில் மேட்டுக்குப் பஞ்சமில்லை. முன்பு வடித்து அளந்த அளவு உள்ளே போயிற்றா என்றும் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில், கூலன்ட் கலந்து மோர் நிறத்தில் இருந்தால் அதையும் ஃபில்டரையும் உடனே மாற்றுங்கள். இந்த வேலையைச் செய்யும் வரை வண்டியை மலையில் இறக்க வேண்டாம். இரவு நிறுத்திய பிறகு காலையில் ஸ்டார்ட்டர் முக்கி நின்றால் மறுபடி முயலாதீர்கள்: சிலிண்டரில் தேங்கிய கூலன்ட் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். எல்லாம் முடிந்து ஒருமுறை ஏறி இறங்கி, இன்ஜின் ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி சரிபார்த்து, ரிசர்வ் டப்பாவில் மட்டத்துக்கு நேராகப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். ஒரு மாதத்தில் அந்தக் கோட்டை விட்டு மட்டம் இறங்கினால், அப்போது முதல் மெக்கானிக்கிடம் போய் ஹெட்டைக் கழற்றச் சொல்லலாம்.