டோக்கியோ கபுகிச்சோவுக்கு நைட்டு தனியா போனா சேஃபா?

தாராளமா போலாம், ஆனா யார் கூப்பிட்டாலும் பின்னாடி மட்டும் போயிடாதீங்க.

நான் டோக்கியோல நிஷி கசாய் பக்கம் இருக்கேன், ஊர்ல இருந்து யார் வந்தாலும் கபுகிச்சோ பாக்கணும்னு தான் கேப்பாங்க, பாரும் கிளப்பும் செக்ஸ் சம்பந்தப்பட்ட கடையும் நிறைஞ்ச ஷின்ஜுகு ஏரியா அது. ஷின்ஜுகு ஸ்டேஷன்ல கிழக்கு பக்கம் வெளிய வந்து கொஞ்சம் நடந்தா அந்த சிவப்பு லைட் வளைவு, தோஹோ பில்டிங் மேல காட்ஸில்லா தலை, நைட்டு ஒரு மணிக்கும் கூட்டம் குறையாது. தெருவுல நடக்க பயமே வேண்டாம்.

அங்க ரோட்ல நின்னு கடைக்கு ஆள் பிடிக்கிறதே சட்டப்படி தப்பு, அவங்களை நம்பாதீங்கன்னு ஸ்பீக்கர்ல சொல்லிட்டே இருப்பாங்க, அந்த சத்தத்துக்கு நடுவுலயே ஒருத்தன் வந்து ஒரு மணி நேரம் 3,000 யென் தான், எவ்வளவு வேணா குடிக்கலாம்னு அட்டையை நீட்டுவான். என் கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் நம்பி போயிட்டான். மாடியில சின்ன ரூம், உக்காந்ததுமே கேக்காமலே ஒரு கிண்ணத்துல வேர்க்கடலை வந்துச்சாம், பக்கத்துல ஒரு பொண்ணு வந்து நானும் ஒன்னு குடிச்சுக்கவான்னு கேட்டுச்சாம், கடைசில பில்லுல டேபிள் சார்ஜ், சர்வீஸ் சார்ஜ், அந்த பொண்ணு குடிச்சது, கடலைக்கு தனியானு 80,000 யென். கார்டை தேய்க்க வச்சுட்டு தான் விட்டாங்க. இப்படி மாட்டிக்கிட்டா பணம் கட்டாம போலீஸ் நம்பர் 110க்கு போன் போடுங்க, கபுகிச்சோவுக்குள்ளயே போலீஸ் பூத்தும் இருக்கு.

குடிக்கணும்னா பக்கத்துல கோல்டன் காய் போங்க, குட்டி குட்டி பாரா ஒட்டி ஒட்டி இருக்கும், சீட் சார்ஜ் எவ்வளவுன்னு நிறைய கடையில வாசல்லயே எழுதி போட்டிருப்பாங்க, பாத்துட்டு உள்ள போலாம்.

பாலியல் தொழிலை தடை பண்ணி 1956லயே அங்க சட்டம் போட்டாச்சு. ஆனா சட்டத்துல இருக்கிற சந்துல நிறைய கடை லைசென்ஸோட ஓடுது, வெளிநாட்டுக்காரங்களை பல இடத்துல சேக்கவே மாட்டாங்க.

எனக்கு மனசு கஷ்டமா இருக்கிறது ஹோஸ்ட் கிளப் விஷயம் தான், அதாவது பசங்க பக்கத்துல உக்காந்து பேசி பொண்ணுங்களை குடிக்க வைக்கிற கிளப். முடிக்கு கலர் அடிச்ச பசங்க ஃபோட்டோ பில்டிங் உயரத்துக்கு பேனரா இருக்கும், பாக்க சினிமா போஸ்டர்னு நினைப்பீங்க. அந்த பசங்க லவ் பண்ற மாதிரி பேசி சின்ன வயசு பொண்ணுங்களை கடன்ல பாட்டில் பாட்டிலா வாங்க வைப்பாங்க, அந்த கடனை அடைக்க தான் நிறைய பொண்ணுங்க அங்கயே இருக்கிற ஒகுபோ பார்க் ஓரத்துல பாலியல் தொழிலுக்கு வந்து நிக்குதுங்க. நம்ம தம்பிக்கு ஒரு நைட்டு பில்லோட போச்சு, இவங்களுக்கு வருஷக்கணக்குல இழுக்குது. 2025ல தான் சட்டத்தை திருத்தி, காதலை காட்டி செலவு பண்ண வைக்கிறதையும் கடனுக்காக இந்த தொழிலுக்கு தள்ளுறதையும் தடை பண்ணினாங்க, ரொம்ப லேட்டுன்னு தான் நான் சொல்லுவேன். அந்த பார்க் பக்கம் வீடியோ எடுத்துட்டு திரியிற டூரிஸ்ட் இப்போ ஜாஸ்தி, தயவு செஞ்சு நீங்க அதை பண்ணாதீங்க.