லாகின் ஸ்கிரீனைத் தூக்கிட்டேன், டெஸ்க்டாப் வரமாட்டேங்குது!

கேள்வி: 2 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்ல டெபியன் லினக்ஸும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பும் போட்ருக்கேன் சார். வேகமா பூட் ஆகட்டும்னு லாகின் ஸ்கிரீன் காட்டற லைட்டிஎம்மை அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன். இப்ப கருப்பு ஸ்கிரீன்ல லாகின் பண்ணி ஸ்டார்ட்எக்ஸ்னு அடிச்சா ஒரு தடவை மின்னிட்டு திரும்ப அங்கயே வந்து நிக்குது. சுடோ (ரூட், அதாவது அட்மின் அதிகாரத்தோட ஓட்டற கமாண்ட்) போட்டும் பார்த்தாச்சு. டாட் எக்ஸ்இனிட்ஆர்சி ஃபைல்ல ஒரே லைன்தான் இருக்கு: ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4 &

பதில்: கடைசில இருக்கற அந்த & தாங்க வில்லன். ஸ்டார்ட்எக்ஸ் எக்ஸ் சர்வரை (ஸ்கிரீன்ல ஜன்னல், படமெல்லாம் காட்டற புரோகிராம்) கிளப்பி விட்டு உங்க ஃபைலை ஓட்டும், அந்த ஃபைல் முடிஞ்சுதுன்னா சர்வரையும் மூடிடும், பந்தி முடிஞ்சதும் பந்தலைப் பிரிக்கற மாதிரி. & போட்டா டெஸ்க்டாப் பேக்கிரவுண்டுக்குப் போயிடுது, ஃபைல் அந்த நொடியே முடிஞ்சு போச்சு, இவன் வேலை முடிஞ்சுதுன்னு பந்தலைப் பிரிச்சிட்டான். & எடுத்துட்டு லைன் முன்னாடி எக்ஸெக்னு போடுங்க. (ஷெல்னா நீங்க அடிக்கற கமாண்டை வாங்கி ஓட்டற புரோகிராம்; எக்ஸெக் போட்டா அதோட இடத்துலயே டெஸ்க்டாப் உக்காந்துக்கும்.) சொல்லப்போனா டெபியன்ல அந்த ஃபைலே தேவையில்ல, வேற பேர் மாத்தி வெச்சுட்டு ஸ்டார்ட்எக்ஸ் அடிங்க, எக்ஸ்எஃப்சிஇ தானா வந்துடும்.

ஸ்டார்ட்எக்ஸுக்கு சுடோ மட்டும் இனிமே வேணாம். அதனால சில சமயம் ஹோம்ல இருக்கற டாட் எக்ஸ்அத்தாரிட்டி (எக்ஸ் சர்வருக்குள்ள நுழையற அனுமதிச் சாவி) ஃபைலோட ஓனர் ரூட்டுன்னு மாறிடும், அப்புறம் சரியா அடிச்சாலும் உள்ள விடாது. எல்எஸ் மைனஸ் எல்-னு அடிச்சு அந்த ஃபைல் பேரையும் போட்டு பாருங்க, ரூட்டுன்னு காட்டினா இதுக்கு மட்டும் சுடோவோட சிஎச்ஓன் போட்டு உங்க பேருக்கு மாத்திக்கோங்க.

தினமும் ஸ்டார்ட்எக்ஸ் அடிக்க சலிப்பா இருந்தா டாட் புரொஃபைல் ஃபைல் கடைசில, டிஸ்ப்ளே வேரியபிள் காலியா இருந்து (அதாவது எக்ஸ் இன்னும் ஓடலைன்னா) நீங்க உக்காந்திருக்கறது டிடிஒய்1-ஆவும் (முதல் கருப்பு ஸ்கிரீன்) இருந்தா எக்ஸெக் ஸ்டார்ட்எக்ஸ்னு ஒரு இஃப் எழுதிடுங்க. இங்கயும் எக்ஸெக் முக்கியம். அது இல்லன்னா நீங்க ஸ்கிரீனை லாக் பண்ணிட்டு டீ குடிக்கப் போன நேரத்துல எக்ஸ் கிராஷ் ஆனாலோ யாராவது அதை நிறுத்திட்டாலோ, பாஸ்வேர்டே கேக்காம உங்க ஷெல் அங்க இருக்கறவங்க கையில! எக்ஸெக் இருந்தா அந்த ஷெல்லே இருக்காது, திரும்ப லாகின்தான் கேக்கும்.

ஆனா ராம் எக்கச்சக்கமா மிச்சமாகும்னு எதிர்பார்க்காதீங்க. லைட்டிஎம் பேருக்கேத்த மாதிரி லைட்தான், உங்க 2 ஜிபியை தின்னுறது பிரவுசர்.