புளியரை முதல் புனலூர் வரை: அடுத்த 2 நாள் இடிமழை, கேள்வி பதில்

செங்கோட்டையில் மொட்டை மாடியில் மழைமானி வைத்துக் குறித்து வருகிறேன். இன்றும் நாளையும் தென்காசி மாவட்டத்தில் 'ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை' என்று வானிலை மையத்தின் அறிவிப்பு வந்திருக்கிறது. கேள்விகளை அனுப்புங்கள்.

அண்ணாச்சி, ஓரிரு இடம்னா எங்க ஊருக்கு உண்டா, இல்லையா? (புளியரை)

மாவட்டத்திலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவாகும் என்பதுதான் அதன் பொருள். 'பெரும்பாலான இடங்களில்' என்று வந்தால் முக்கால் பங்குக்கு மேல். அந்தக் கால் பங்கில் புளியரை வருமா என்று காலையிலேயே சொல்ல முடியாது. போன வாரம் எங்கள் தெருவில் சாக்கடை நிரம்பி ஓடிய நேரத்தில் பிரானூர் பார்டரில் புழுதி பறந்தது. மதியம் 2 மணிக்கு மேல், அடுத்த 3 மணி நேரத்துக்கென்று வரும் அறிவிப்பையும் திருவனந்தபுரம் ராடார் படத்தையும் பாருங்கள்.

லண்டனில் இருக்கும் மகள் அனுப்பிய வானிலைப் படத்தில் பல் பல்லாக நீலக்கோடு. நமக்கும் அது வருமா? (தென்காசி)

வராது. குளிர்ந்த காற்று வெப்பக்காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் எல்லைக்கோடு அது. நமக்கு மழை தருவது வெயிலும் கடல் ஈரமும் மலையும்.

நாளை குற்றாலம் வரலாமா?

காலையில் குளிக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு வாருங்கள். மலை கறுத்தால் உடனே வெளியேறுங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவனை அடித்துக்கொண்டு போனது. மழை மேலே பெய்யும், வெள்ளம் கீழே வரும்.

இடிமழை எங்கள் பக்கத்துச் சொத்து. உங்களுக்கு வெறும் சாரல்தானே? (புனலூர், மலைக்கு மேற்கே கேரளப் பக்கம்)
மேகம் திரள்வது எங்க மலையில், கொண்டுபோவது அவங்க! (மேக்கரை, மலைக்குக் கிழக்கே நம்ம பக்கம்)

காலையிலிருந்து இதே சண்டை, பதினைந்து பேர் கட்சி கட்டிவிட்டார்கள். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. சாரல் ஜூனில் தென்மேற்குக் காற்று ஆரியங்காவு கணவாய் வழியாகக் கொண்டுவருவது, அதில் இடி அபூர்வம். கோடை இடிமழை வேறு. மலைச்சரிவு சூடாகி மேகம் அங்கேயே கோபுரமாக எழும். அப்புறம் 3 முதல் 5 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றுதான் அதை நகர்த்தும். கிழக்கிலிருந்து வீசினால் தென்மலை, புனலூர். மேற்கிலிருந்து வீசினால் செங்கோட்டை, கடையநல்லூர். மதியம் 1 மணிக்கு மேகத்தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் மழையும் அந்தப் பக்கம்தான் போகும்.

மாடு மேய்க்கையில் இடித்தால் பனை மரத்தடியில் நிற்கலாமா?

கூடவே கூடாது, தம்பி. எந்த மரத்தடியும் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ, மூடிய கார் அல்லது பேருந்துக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

குற்றாலம் நாளைக்கு எப்படி சார்?

மேலே சொல்லிவிட்டேன்.

குற்றாலம் போகலாமா?

மேலே பாருங்கள். மரத்தடி விஷயத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

களத்தில் நெல் காய்கிறது, நாளைக்கும் விரிக்கலாமா? (கேசவபுரம்)

காலை 8 மணிக்கு விரியுங்கள். 1 மணிக்கு அள்ளி, தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள். 2 மணி வரை காத்திருக்க வேண்டாம்.