ஃபியட் காரும் காலை ஓட்டமும்: இரண்டையும் வைத்துக்கொள்ள வருமானம் இடம் தருமா?

கேள்வி: எனக்கு 52 வயது. கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன்; 58 வயதில் ஓய்வு. பிடித்தம் போக மாதம் 92,000 ரூபாய் கைக்கு வருகிறது. தீபாவளிக்கு 60,000 ரூபாய் போனஸ். வீட்டுச் செலவுக்கு 52,000, அம்மாவின் மருத்துவத்துக்கு 5,000, மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி.க்கு (மாதத் தவணை முதலீடு) 15,000 போகிறது. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. வங்கியில் 6 லட்சம் ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. மகளின் பொறியியல் படிப்புக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு 1.5 லட்சம் கட்ட வேண்டும். அப்பா விட்டுச்சென்ற 1978ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி கார் (ஃபியட் என்று பலரும் சொல்வது) என்னிடம் உள்ளது, அதன் ஆர்.சி. (பதிவுச் சான்று) 2028இல் முடிகிறது. வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஞாயிறு அதிகாலையில் அந்தக் காரிலேயே ரேஸ்கோர்ஸ் போய், நெடுந்தூரம் ஓடிவிட்டுத் திரும்புவது வழக்கம். காரை முழுமையாகச் சீரமைக்க 4.5 லட்சம் ஆகும் என்கிறார்கள். எஸ்.ஐ.பி.யை நிறுத்துவதா, டெபாசிட்டை உடைப்பதா, நகைக் கடன் வாங்குவதா? மேலும், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று 3.5 லட்சத்துக்கு வருவதாகவும், வாங்கிப் போட்டால் நல்ல விலைக்குப் போகும் என்றும் நண்பர் சொல்கிறார். இரண்டு பொழுதுபோக்குகளில் ஒன்றை விட்டுவிடுங்கள் என்கிறார் மனைவி. அலுவலகத்தில் 5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. தினமும் ஓடுகிற உடம்புதானே என்று தனியாக எதுவும் எடுக்கவில்லை.

பதில்: அன்புள்ள வாசகருக்கு, காரையும் விட வேண்டாம், ஓட்டத்தையும் விட வேண்டாம், உங்கள் வருமானத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட மூன்று வழிகளில் எதுவும் சரியான வழியன்று. சீரமைப்பை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் கைவிட்டால், கடனும் இல்லாமல் சேமிப்பையும் தொடாமல் மூன்று ஆண்டுகளில் அந்தக் காரை நல்ல நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

முதலில் டெபாசிட். 6 லட்சம் என்பது பெரிய தொகையாகத் தெரிகிறது. அதில் 3 லட்சம் மகளின் கல்லூரிக் கட்டணம். மீதி 3 லட்சம், வேலைக்கு ஏதாவது நேர்ந்தால் குடும்பம் ஐந்து மாதத்துக்குச் சற்று மேல் தாக்குப்பிடிப்பதற்கான பணம். அம்மாவுக்கு வயதாகும் வீட்டில் அதைக் குறைக்கவே கூடாது. ஆகவே அந்த டெபாசிட்டில் காருக்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை.

எஸ்.ஐ.பி.யை நிறுத்தி 4.5 லட்சம் சேர்க்க 30 மாதங்கள் ஆகும். அந்த 30 மாதத் தவணைகளைத் தொடர்ந்து கட்டி, ஆண்டுக்குச் சராசரியாக 10 சதவீத வளர்ச்சி கிடைப்பதாக வைத்துக்கொண்டால், நீங்கள் ஓய்வுபெறும்போது அவை ஏறத்தாழ 7.2 லட்சமாக நிற்கும். பங்குச் சந்தையில் இந்த வளர்ச்சிக்கு உத்தரவாதம் கிடையாது. ஆயினும் ஓய்வுக்கு ஆறே ஆண்டுகள் இருக்கும் ஒருவர் இந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது. நகைக் கடன் இதைவிட மோசம். வருமானம் ஈட்டாத ஒரு பொருளுக்காக வட்டி கட்டத் தொடங்கினால், ஒவ்வொரு தவணையின்போதும் அந்தக் கார் வீட்டில் ஒரு மனக்கசப்பாக மாறும். உங்கள் துணைவியார் சொன்னதன் பின்னால் இருப்பது காரின் மீதுள்ள வெறுப்பு அன்று, கணக்குத் தெரியாத செலவின் மீதுள்ள அச்சம் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

எனவே கணக்கை வெளிப்படையாகப் போட்டுப் பார்ப்போம். பத்மினியின் எஞ்சின் 1089 சிசி. 1000 முதல் 1500 சிசி வரையிலான தனியார் கார்களுக்கு 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 3,416 ரூபாய்; 18 சதவீத ஜி.எஸ்.டி.யுடன் சுமார் 4,030 ரூபாய். ஆண்டுக்கு 1,500 கிலோமீட்டர் ஓட்டுவதாகவும், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைப்பதாகவும் கொண்டால் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 12,500 ரூபாய். டயரும் பேட்டரியும் ஓடாமல் நின்றாலும் வயதாகிக் கெடும் பொருள்கள் என்பதால், அவற்றுக்கு ஆண்டுக்கு 8,000 ஒதுக்க வேண்டும். சில்லறைப் பழுதுகளுக்கும் சர்வீஸுக்கும் 15,000. ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு உயர்த்தியது; 20 ஆண்டுகளைக் கடந்த இலகு ரக வாகனத்துக்கு இப்போது 10,000 ரூபாய். புதுப்பிப்பு ஐந்து ஆண்டுகளுக்கு என்பதால் ஆண்டுக்கு 2,000 என்று வைத்துக்கொள்ளலாம். தமிழக அரசின் பசுமை வரி தனி. எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 42,000 ரூபாய் வரும்.

இனி ஓட்டம். வாரம் 40 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல். ஒரு ஜோடி ஷூ 600 அல்லது 700 கிலோமீட்டருக்கு மேல் தாங்காது. அதன்பின் அடிப்பாகத்தின் மெத்தைத்தன்மை போய், முழங்காலும் குதிகாலும் அதற்கு விலை கொடுக்கும். ஆகவே ஆண்டுக்கு மூன்று ஜோடி, ஒன்று 7,000 ரூபாய் என்றாலும் 21,000. கோவை மாரத்தான், சென்னை மாரத்தான், இடையில் ஒருமுறை மும்பை என்று போனால் நுழைவுக் கட்டணம், ரயில், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து 20,000. இயன்முறை மருத்துவருக்கு 5,000. மொத்தம் 46,000. செலவே இல்லாதது என்று பலரும் கருதும் ஓட்டம், உங்கள் பழைய காரைவிடச் சற்றே கூடுதலாகக் கேட்கிறது. இதை வீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து மாதம் 7,300 ரூபாய். உங்கள் வருமானத்தில் இது எட்டு சதவீதம். இந்த அளவு நியாயமானதே.

வீட்டுச் செலவு, அம்மாவின் மருத்துவம், எஸ்.ஐ.பி., இந்த 7,300 எல்லாம் போக மாதம் 12,700 ரூபாய் மிஞ்ச வேண்டும். அது இப்போது எங்கே போகிறது என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். சம்பளம் வந்த மறுநாளே 10,000 ரூபாய் ஆர்.டி. (தொடர் வைப்பு) கணக்கு ஒன்றுக்குப் போகட்டும். கணக்கு இருவர் பெயரிலும் இருக்கட்டும். போனஸில் பாதியான 30,000 ரூபாயையும் இதற்கே ஒதுக்குங்கள். ஆண்டுக்கு 1.5 லட்சம், மூன்று ஆண்டுகளில் 4.5 லட்சம். வேலையையும் அதே வேகத்தில் செய்யுங்கள்.

எதை முதலில் செய்வது என்பதில்தான் பழைய கார் ஆர்வலர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவதால் பெயின்டிங்கில் தொடங்குகிறார்கள். உங்கள் நிலையில் பெயின்ட் கடைசி. 21 கிலோமீட்டர் ஓடிக் களைத்த கால்களோடு நீங்கள் மிதிக்கப்போவது, நான்கு சக்கரங்களிலும் டிரம் கொண்ட, எந்தத் துணைவிசையும் இல்லாத பழைய பிரேக்கை. எனவே மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், பிரேக் குழாய்கள், இருட்டில் புறப்படுவதால் முகப்பு விளக்கு வயரிங், டயர்கள் ஆகியவை முதல் ஆண்டின் வேலை.

அதோடு சேர்த்து எரிபொருள் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1978இன் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை இரு விரலால் மடக்கிப் பாருங்கள். மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ, கையில் பிசுபிசுப்பு ஒட்டினாலோ, அன்றே மாற்ற வேண்டும். சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் கசிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாயும் கேஸ்கட்டுகளும் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். காரைப் பல வாரங்கள் ஓட்டாமல் நிறுத்தினால் டேங்கில் ஈரம் சேரும் என்பதால், உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் காருக்கும் நல்லதே. இந்த முதல் கட்டம் 60,000 ரூபாய்க்குள் முடியும். மீதி அடுத்த ஆண்டுக்குச் சேரும்.

இரண்டாம் கட்டம் துரு. பத்மினிக்குத் தனிச் சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது; உடற்கூடே வண்டியைத் தாங்குகிறது. தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித்தகடும் துருப்பிடித்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, வண்டியின் உறுதியே போகிறது. மேலே புட்டி பூசி மூடாமல், துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கச் சொல்லுங்கள்; பெயின்ட் அடிக்குமுன் நேரில் போய்ப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு 1.3 லட்சம், எஞ்சினுக்கு 1 லட்சம், கடைசியாக டிங்கரிங், பெயின்டிங், சீட் வேலைகளுக்கு 1.6 லட்சம் என்று உங்கள் மதிப்பீட்டைப் பிரித்து எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகே அதற்கான பணத்தின் இறுதிப் பகுதியைக் கொடுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்த பல கார்கள் பட்டறை மூலையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன.

உதிரிபாகங்கள் பற்றி ஒரு வார்த்தை. பத்மினி உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபர் 30ஆம் தேதியோடு சாலையை விட்டுப் போய்விட்டது. அன்றாடத் தேவை குறையும்போது புதிய பாகங்களைச் செய்து விற்பவர்களும் குறைவார்கள். சென்னைக்கு ஓட வரும்போது புதுப்பேட்டைக்கும் ஜி.பி. சாலைக்கும் ஒரு நடை போய், வீல் சிலிண்டர் கிட், வாட்டர் பம்ப் கிட், சஸ்பென்ஷன் புஷ், காண்டாக்ட் பாயின்ட் போன்ற தேயும் பாகங்களை 15,000 ரூபாய் வரை வாங்கி வைத்துக்கொள்வது நல்ல முதலீடு. இந்தக் காரைப் பொறுத்தவரை முதலீடு என்ற சொல்லை இதற்கு மட்டுமே பயன்படுத்துவேன்.

ஹெரால்டு காரை முதலீடாக வாங்காதீர்கள். அது சென்னையில் தயாரான அழகிய கார், அதன்மேல் ஆசை வருவதில் வியப்பில்லை. ஆனால் அதைச் செய்த நிறுவனம் எப்போதோ உற்பத்தியை நிறுத்திவிட்டது. பத்மினிக்குக் கிடைக்கும் அளவுக்கு அதற்குப் பாகங்கள் கிடைப்பதில்லை. இரண்டாவது காருக்கும் காப்பீடு, ஆர்.சி., பேட்டரி, நிழலான இடம் எல்லாம் வேண்டும். ஆண்டுச் செலவு இரட்டிப்பாகும். வரியும் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான கார் மூலதனச் சொத்து ஆகாது என்பதால், அதை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது என்பது பொதுவான நிலை. ஆனால் 1983இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிப் பின்னர் 21 லட்சத்துக்கு விற்கப்பட்ட 1931ஆம் ஆண்டு ஃபோர்டு கார் தொடர்பான வழக்கில், சொந்தப் பயன்பாட்டுக்குத் தகுந்த கார் என்பது போதாது, உண்மையில் அப்படிப் பயன்படுத்தியதைக் காட்ட வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. விலை ஏறட்டும் என்று போர்வை போட்டு நிறுத்திய காருக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. அதே காரணத்தால் உங்கள் பத்மினியின் பெட்ரோல் ரசீதுகளையும் சர்வீஸ் பில்களையும் காப்பீட்டுத் தாள்களையும் பத்திரப்படுத்துங்கள்.

2028இல் உங்கள் காருக்கு 50 வயது ஆகும், ஆர்.சி.யும் அதே ஆண்டில் முடிகிறது. அப்போது விண்டேஜ் (பழமையான வாகனம்) பதிவுக்கு மாறச் சொல்லிப் பலர் வருவார்கள். 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், ‘வி.ஏ.’ எழுத்துகளுடன் தனி எண் கிடைக்கும். மூன்றாம் நபர் காப்பீட்டில் பாதி தள்ளுபடியும் உண்டு. ஆனால் அதன்பின் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலைக்கு எடுக்கலாம். ஞாயிறுதோறும் ரேஸ்கோர்ஸ் போவதற்கு அந்தப் பதிவு பொருந்தாது. சாதாரணப் புதுப்பிப்பே உங்களுக்குச் சரி. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு என்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் அன்றைய தொகையை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு எஞ்சின் பொருத்தும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். ஆர்.டி.ஓ. அனுமதி தேவைப்படும், பிற்காலத்தில் விண்டேஜ் தகுதியும் போய்விடும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தந்தது உங்கள் கடைசி வரி. ஓடுகிற உடம்புக்கும் பித்தப்பைக் கல் வரும், சாலையில் நாய் குறுக்கே வந்து இடுப்பெலும்பு முறியும். அலுவலகக் காப்பீடு பொதுவாக 58 வயதில் வேலையோடு போய்விடும். அப்போது புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். இன்று எடுத்தால் அந்தக் காத்திருப்பு நீங்கள் வேலையில் இருக்கும்போதே கழிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. ஆர்.டி. போக மிஞ்சும் 2,700 ரூபாயையும் போனஸின் மறுபாதியில் தேவையான அளவையும் சேர்த்து, குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்குப் பாலிசி எடுங்கள். அம்மாவை அதில் சேர்க்காமல் தனியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் அவருடைய வயதை வைத்தே மொத்தப் பிரீமியமும் கணக்கிடப்படும். விண்ணப்பத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை எதையும் மறைக்காதீர்கள். அடுத்த மாரத்தானுக்குப் பெயர் கொடுக்குமுன் இதய மருத்துவர் ஒருவரிடம் டிரெட்மில் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். காருக்கான ஆர்.டி.யை இந்தப் பாலிசி கைக்கு வந்த மாதத்திலிருந்து தொடங்கினால் போதும்.